காஞ்சோடையும் காலுக்கு மூன்று கல்லும்

அப்துல் பாரியிடம் குழாய் வாங்கப் போகிறவர்கள் அளவு சொல்லக்கூடாது. சொன்னால் கெட்டது கதை. "ஒரு இஞ்ச் பைப்பு குடுங்க பாய்" என்று கேட்டுப் போனவன், வீட்டில் எத்தனை பேர், கூரை எத்தனை அடி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஜாதகம் முழுக்க ஒப்பித்துவிட்டு, ஒன்றரை இஞ்ச் குழாயோடுதான் வீடு திரும்புவான். "தண்ணிக்கு எப்பவும் ஒரு சைஸ் பெருசா வழி விடணும். அது சம்பந்தி மாதிரி. மரியாதை கொறஞ்சா வீட்டுக்குள்ள வந்து கத்தும்" என்பார் பாரி.

பர்மாவின் இன்சீனில், ஊரைச் சுற்றி வரும் ரவுண்டு ரயில் ஓடும் தண்டவாளத்துக்குக் கீழே சரிந்து இறங்குகிறது அந்தப் பேட்டை. சரிவின் நடுவே ஒரு ஓடை. அதை ஓடை என்று சொல்லிப் பாருங்கள், டிசம்பரில் வந்து பார்க்கிறவன் சிரிப்பான். நவம்பரிலிருந்து மே வரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. பிள்ளைகள் பிரம்புப் பந்து உதைப்பார்கள், ஆடுகள் படுத்திருக்கும், யாராவது பாயை விரித்து மிளகாய் காயவைப்பார்கள். மழை பிடித்ததும் அதே இடம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பேட்டைத் தமிழர்கள் அதற்குக் காஞ்சோடை என்று பெயர் வைத்திருந்தார்கள். பர்மாக்காரர்களும் அவர்கள் பாஷையில் அதையேதான் சொன்னார்கள்.

அந்த ஓடைக்கு அப்துல் பாரிதான் காவல்காரர். யாரும் நியமிக்கவில்லை, அவரே நியமித்துக்கொண்டார். ஒவ்வொரு மே மாதமும் மெகாஃபோனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். பாதி பர்மிய மொழி, பாதி தமிழ், மீதி வசவு. "பிளாஸ்டிக் பையை ஓடையில போடுற மகராசன் யாரு? மழை வந்தா அந்தப் பை உன் வீட்டு வாசலுக்குத்தான் விருந்துக்கு வரும்!" பேட்டையே மண்வெட்டியோடு வந்துவிடும். வராவிட்டால் அவர் விடப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், சும்மாதானே கிடக்கிறது என்று ஓடையை மண் போட்டு மேடாக்கி மனை பிரிக்க லாரியோடு வந்துவிட்டார். பாரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையின் நடுவில் போய் மல்லாந்து படுத்துவிட்டார். "கொட்டுய்யா! மொதல்ல என் மேல கொட்டு!" லாரிக்காரன் பயந்துபோய் டீ குடிக்கப் போனான், திரும்பவே இல்லை. அன்றைக்கு அந்த மனுஷன் படுத்திருக்காவிட்டால் இன்றைக்கு அங்கே ஓடையே கிடையாது. இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவதில் அவர் கொஞ்சம் அசடு வழியப் போகிறார்.

அவருடைய மனைவி சைதா. பர்மாவில் ஆனாதெ என்று ஒரு குணம் உண்டு. எதிரே இருப்பவர் மனசு சங்கடப்படுமே என்று, சொல்ல வேண்டியதை மென்று விழுங்கிவிடுவது. நாலு தலைமுறை இங்கே கிடந்த தமிழர்களுக்கும் அது ரத்தத்தில் ஏறிவிட்டது. சைதாவுக்கு மட்டும் ஏறவே இல்லை. கல்யாணமான மூன்றாம் நாளே, ஆசையாகப் பாட ஆரம்பித்த புருஷனைப் பார்த்து, "பாடாதீங்க, பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தீனி வைக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க" என்றவள். கடையில் தவறான அளவை வெட்டினால் வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்வாள். பாரி கோபித்துக்கொள்வார், அளவை மாற்றிக்கொள்வார். இருபத்தாறு வருஷம் அப்படி ஓடியது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில், நாலு நாள் காய்ச்சலில் சைதா போய்விட்டாள். பாரிக்கு உலகமே காலியாகிவிட்டது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குள் அவள் பேரில் ஒரு சதக்கா ஜாரியா செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கிணறு, பாலம், நிழல்மரம் என்று ஜனங்கள் பயன்படுத்துகிற வரைக்கும் நன்மை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிற தர்மம் அது. காஞ்சோடையைத் தாண்டி ரயிலுக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் சறுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். பாலம்தான் என்று முடிவானது.

அது ஜனவரி மாதம். ஓடை சுக்காய்க் காய்ந்து கிடந்தது. கடையின் பின்னால் இரண்டடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் இரண்டு, யாரோ வாங்காமல் விட்டுப்போனது, கிடந்தது. அந்த இரண்டையும் ஓடையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் கொட்டி, கான்கிரீட் பூசிவிட்டால் பாலம் தயார். "இது போதுமில்ல?" என்று கொத்தனாரிடம் கேட்டார். கொத்தனார் தலையைச் சொறிந்தார். ஓடையைப் பார்த்தார், அழுது வீங்கிய பாரியின் முகத்தைப் பார்த்தார். "போதும் பாய்" என்றார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில், சைதாவின் பெயரைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் வெட்டி ஒரு கல் பதித்தார்கள். அன்றிலிருந்து மழை கொட்டாத நாளெல்லாம் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பாரி அந்தச் சுவரில் போய் உட்காருவார். போகிறவர் வருகிறவர் எல்லாம் சலாமோ வணக்கமோ சொல்லிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு காலடிக்கும் அவளுக்கு ஒரு நன்மை என்று மனசுக்குள் எண்ணிக்கொள்வார். இன்னொரு அதிசயமும் நடந்தது. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்த அவருடைய கடைக்குள் அதற்குப் பிறகு ஒரு மழைக்கும் தண்ணீர் ஏறவில்லை. "எல்லாம் சைதாவோட பரக்கத்" என்று அவளுடைய அருளாகவே எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

போன வருஷம் ஜூலை. மூன்று நாள் விடாத மழை. மத்தியானம் பாரி கடையிலிருந்து எட்டிப் பார்த்தால், பாலத்துக் குழாய் ஒன்றின் வாயிலிருந்து நீலச் சாக்கு ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வந்ததே கோபம்! பட்டாணி வருகிற சாக்கு அது. பாலத்துக்கு மேற்பக்கம் இருக்கும் மேல்வரிசையில் பட்டாணி வேகவைத்து விற்கிற வீடு ஒன்றுதான். ஜெயம்மா வீடு. காலையில் பேட்டை முழுக்க நான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பட்டாணி அவள் அடுப்பிலிருந்து வருவதுதான். "இன்னைக்கு மாட்டினா!" என்று மெகாஃபோனை எடுத்துக்கொண்டு, குடையை மறந்துவிட்டு, மழையில் இறங்கி மேலே நடந்தார்.

பதினோரு வருஷத்தில் மழை கொட்டும்போது அவர் பாலத்துக்கு மேற்பக்கம் போனதே இல்லை. ஏன் போக வேண்டும்? மழை நேரத்தில்தான் கடையில் குழாய் வியாபாரம். பாலத்தைத் தாண்டிப் பத்தடி வைத்ததும் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இன்னும் பத்தடி, முட்டிக்கு. மேல்வரிசையின் ஒன்பது வீடுகளும் ஒரு குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தன. குளத்தின் கரை எது என்று திரும்பிப் பார்த்தார். பாலம்தான் கரை.

ஜெயம்மா வீட்டு வாசலில், தண்ணீருக்குள் நின்றபடி, வாயில் வைத்த மெகாஃபோனோடு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கட்டிலின் மேல் ஜெயம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மேஜையின் மேல் ஏறியிருந்தது. பட்டாணி மூட்டைகள் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கின. கட்டிலின் ஒவ்வொரு காலுக்குக் கீழேயும் மூன்று செங்கல், ஒன்றின்மேல் ஒன்றாக, பாசி பிடித்துப் பச்சையாக இருந்தன.

"அய்யோ பாய்! மழையில ஏன் வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க. டீ போடறேன்" என்று பதறினாள் ஜெயம்மா.

"இது என்னம்மா தண்ணி?"

"அது... மழைத்தண்ணி பாய்."

"மழைத்தண்ணின்னு எனக்குத் தெரியாதா? எத்தன நாளா நிக்குது?"

"சாயங்காலம் வடிஞ்சுரும். வருஷா வருஷம் ஜூலை, ஆகஸ்ட்ல கொஞ்சம் நிக்கும். அக்டோபர்ல கல்லை எடுத்துருவோம். எங்களுக்குப் பழகிருச்சு."

அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து டாவ் தின் யீ தலையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், ஒரு நாளும் குரல் உயர்த்தாதவள். அவளும் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். "யபாதெ, ஊ பாரி, யபாதெ" என்று சிரித்தாள். பரவாயில்லை ஐயா, ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவள் வீட்டுக் கட்டிலுக்கும் காலுக்கு மூன்று கல்.

பாரி திரும்பித் தண்ணீரைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். ஆயுள் முழுக்கக் குழாய் விற்றவருக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? தண்டவாளச் சரிவு முழுக்கக் கொட்டுகிற தண்ணீர், இரண்டு இரண்டடிக் குழாய். சாக்கு அடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போதாது. எல்லாருக்கும் ஒரு சைஸ் பெரியதாகக் கொடுத்தவர், தன் பெண்டாட்டி பாலத்துக்கு மூன்று சைஸ் சிறியதாகப் போட்டிருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

"ஏம்மா ஜெயம்மா, பதினோரு வருஷமாவா?" என்றார்.

ஜெயம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எப்படி பாய் சொல்றது? அக்கா பேரு வெட்டி வெச்சிருக்கே. நீங்க தெனம் வந்து உக்காருறீங்க. எங்களுக்கு ஆனாதெ இருக்காதா? கல்லுதானே, வெச்சா வெச்சுட்டுப் போறோம்."

பாரி டீ குடிக்கவில்லை. மெகாஃபோனை அவள் கட்டிலிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார்.

கடையை ஒட்டிய வீட்டில் மகள் சஜிதா ஈரத்துணிகளை உள்ளே கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறவள், பேச்சில் பாதிக்கு மேல் பர்மிய மொழிதான். அத்தாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் ஒரு சட்டையைப் பிழிந்தாள். அது ஏற்கெனவே பிழிந்த சட்டை.

"தெரியும்ல?"

"தெரியும் அத்தா. அம்மா போனப்புறம் நீங்க சிரிக்கிறது அந்தச் செவுத்துல உக்காந்திருக்கும்போது மட்டுந்தான். அதையும் பிடுங்கணுமா?"

பாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பாலத்தை இடித்தால் சைதாவுக்குப் போய்க்கொண்டிருக்கிற நன்மை நின்றுபோகுமே? இடிக்காவிட்டால்? ஒன்பது வீட்டுக்காரர்கள் கட்டிலின் மேல் உட்கார்ந்து சமைப்பது அவள் பெயரில் அல்லவா ஏறும்? கப்ருக் குழிக்குள் கிடப்பவளிடம் போய் எதைக் கேட்பது?

இதை அவர் சொல்லச் சொல்ல சஜிதா துணியைக் கீழே வைத்தாள். "பாதையில கெடக்குற முள்ளை எடுத்துப் போடறதும் சதக்காதான்னு நீங்கதானே அத்தா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"அவ வெச்ச பாலம்மா அது."

"அம்மா வெக்கல. நீங்க வெச்சீங்க. அம்மா இருந்திருந்தா மொத மழையிலயே உங்களை மம்பட்டியோட எறக்கி விட்டுருப்பாங்க."

பாரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உண்மைதானே! அவள் இருந்திருந்தால் பாலம் கட்டவே விட்டிருக்க மாட்டாள். "கடையில விக்காம கெடந்த பைப்பத்தான் எனக்குக் குடுக்குறீங்களா?" என்று கேட்டிருப்பாள். அவள் போன பிறகு அவரிடம் உண்மை சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லாமல் போனது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

மழை இரண்டு நாள் விட்டது. மூன்றாம் நாள் காலை பாரி கடப்பாரையோடு பாலத்துக்கு வந்தார். அடுத்து நடந்தது ஒரு கூத்து. மேல்வரிசை ஒன்பது வீடும் திரண்டு வந்து பாலத்தின் மேல் நின்றுகொண்டது. இடிக்க விடமாட்டார்களாம்!

"வேணாம் பாய். காலுக்கு மூணு கல்லுதானே, வேணும்னா நாலா வெச்சுக்கறோம்" என்றாள் ஜெயம்மா. டாவ் தின் யீ, "யபாதெ, யபாதெ" என்று கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டாள். அந்தம்மா முகத்தைப் பார்த்தால் வெள்ளத்தில் மூழ்குவது ஏதோ அவளுடைய பொழுதுபோக்கு என்று தோன்றும்.

"அடேய், நான் படுத்தேன்னா லாரியே நிக்கும். எறங்குங்க எல்லாரும்!" என்று கத்தினார் பாரி. யாரும் இறங்கவில்லை. கடைசியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகப் பாக்காதீங்க. சைதாவுக்காக எறங்குங்க. அவ பேரச் சொல்லி ஒரு வீட்டுல அடுப்பு மேஜை மேல ஏறிக் கெடக்கக்கூடாது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் இறங்கிய மேல்வரிசைக் கிருஷ்ணன்தான் இரண்டாவது கடப்பாரையையும் எடுத்தான். ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், கை இன்னும் இரும்பு.

பெயர்க்கல்லை பாரியே தன் கையால் பெயர்த்தார். ஒரு மூலை உடைந்தது, பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய் இரண்டையும் உருட்டி எடுத்தபோது பின்னால் சேறு அடைத்துத் தேங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் போனது. மேல்வரிசைக்காரர்கள் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கை தட்டினால் பாய் மனசு நோகுமே என்று யாரும் தட்டவில்லை. பாரிதான் முதலில் தட்டினார்.

புதுப் பாலத்துக்குக் கிருஷ்ணன் எங்கேயோ பழைய தண்டவாளக் கட்டைகளை விலைக்குப் பிடித்து வந்தான். இந்தமுறை மழைக்காலத்திலேயே அளவெடுத்தார்கள். ஓடையின் இரண்டு கரைக்கும் வெளியே தூண், நடுவில் ஒன்றுமில்லை. தண்ணீர் எவ்வளவு ஏறினது என்று மேல்வரிசைச் சுவர்களில் இருந்த கறையைப் பார்த்து, அதற்கு மேல் இரண்டடி உயர்த்தி, கட்டைகளைப் போட்டார்கள். "ஒரு சைஸ் பெருசு" என்றார் பாரி. மூலை உடைந்த கல்லைப் பாலத்தின் தலைமாட்டில் நட்டார்கள்.

ஆகஸ்டில் அடுத்த பெரிய மழை வந்தது. பாரி விடிந்ததிலிருந்து பாலத்தின் மேல் குடையோடு நின்றார். தண்ணீர் மேலேயிருந்து திமிறிக்கொண்டு வந்தது, கட்டைகளுக்குக் கீழே புகுந்து போய்க்கொண்டே இருந்தது. மேல்வரிசை வாசல்களில் ஈரம் மட்டும்தான். பாரி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு திரும்பினால், கடைக்குள் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பதினோரு வருஷத்து பரக்கத் ஒரே மழையில் போய்விட்டது. குழாய்க் கட்டுகள் கடைக்குள்ளேயே மிதந்தன. சஜிதா நாற்காலியின் மேல் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு ஊர்வலம் வந்தது. முன்னால் ஜெயம்மா, தலையில் கூடை. பின்னால் கிருஷ்ணன், சைக்கிளில் இரண்டு பக்கமும் மூட்டை. கடைசியில் டாவ் தின் யீ, இரண்டு கையிலும் ஒவ்வொரு கல். எல்லாம் பாசி பிடித்த பச்சைச் செங்கல். யாரும் யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே போனார்கள், பாரியின் கட்டிலைத் தூக்கினார்கள், காலுக்கு மூன்று கல் வைத்தார்கள். சஜிதாவின் கட்டிலுக்கும் வைத்தார்கள். கல்லாப்பெட்டிக்கும் வைத்தார்கள்.

"இனிமே உங்களுக்குத்தான் பாய் வேணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டாள் ஜெயம்மா.

பாரி "ரொம்ப..." என்று ஆரம்பித்தார்.

ஜெயம்மா விடவில்லை. கடைவாசலில் நின்று ஓடையையும் கடையையும் ஏற இறங்கப் பார்த்தாள். மெகாஃபோனைக் கூடைக்குள்ளிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பாய், ஒண்ணு சொல்றேன். சொல்லாம மறுபடி பதினோரு வருஷம் இழுக்க எனக்குத் தெம்பு இல்ல. உங்க பைப்பு அடுக்குற சாய்ப்பு ஓடைக்குள்ள ரெண்டு முழம் நீட்டிக்கிட்டு நிக்குது. அதுலதான் தண்ணி முட்டித் திரும்பி உங்க கடைக்குள்ள வருது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்கல்ல? மொதல்ல அதப் பிரிங்க."

டாவ் தின் யீயின் வாயில் யபாதெ பாதி வந்து நின்றது. பாரி சாய்ப்பைப் பார்த்தார். இரண்டு முழம் இல்லை, இரண்டரை. நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. ஜெயம்மா பயந்துபோய், "அய்யோ பாய், நான் சும்மா..." என்று பின்வாங்கினாள்.

"சும்மா இரு! பின்னால போகாத. அப்படியே சொல்லு, இன்னும் ஏதாவது இருந்தா அதையும் சொல்லு" என்றார் பாரி. "பதினோரு வருஷம் ஆச்சும்மா, என்னை ஒருத்தி இப்படித் திட்டி."

"பாட்டும் நல்லா இருக்காது பாய்" என்றாள் ஜெயம்மா மெதுவாக. "பாலத்துல உக்காந்து பாடுவீங்கல்ல, அது."

சஜிதா சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். பாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கிச் சாய்ப்பின் முதல் ஆணியைப் பிடுங்கினார்.